ஆறு சாடியும் மடு மண்ணும்

அத்தியாயம் பதினேழு

சிசிலியா போன வாரம் தொலைபேசியில் சொன்ன அந்த வசனத்துக்காக அவளைத் திட்டிக் கடிதம் எழுதியவர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். அவள் இன்றைக்குத்தான் நேரில் வந்து இறங்குகிறாள். திட்டுவதற்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

போன வாரம் படிக்காதவர்களுக்கு நாலு வரி. சிசிலியா இருபத்தெட்டு வருடம் நோர்வேயில் இருந்தவள். கணவர் தவறிய பிறகு ஊரோடு வந்துவிடுவது என்று முடிவெடுத்து, சொந்த ஊரான தாழ்வுபாட்டில் தம்பி ஜெயகாந்தின் வீட்டு முன் அறைக்கு ஏசி பூட்டி, அதற்குள் ஆறு ஓர்க்கிட் செடிகளை வைத்தாள். பிறகு நோர்வே வீட்டை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு மாதத்துக்குப் போனாள். போகும்போது செடிகளைத் தம்பியின் மனைவி சுபாஜினியிடம் விட்டாள்.

போன இடத்தில் மனம் மாறிவிட்டது. அங்கிருந்தபடியே, ஆள் வைத்து, நீர்கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு வீட்டைப் பார்த்து முடித்துவிட்டு, அப்பா பஸ்தியாம்பிள்ளையையும் தன்னோடு அங்கே கூட்டிக்கொண்டு போகப்போவதாக அறிவித்தாள். சுபாஜினி முடியாது என்றாள். அப்போதுதான் அந்த வசனம் வந்தது, வீடு முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

"ஆறு பூக்கண்டை ஒழுங்காப் பாக்கிற வீடு எண்டாத்தான் என்ட அப்பாவையும் ஒழுங்காப் பாப்பீங்கள் எண்டு நான் நம்புவன், சுபா. வந்து பாக்கிறன். கண்டுகள் நல்லா நிண்டா அப்பா அங்கயே இருக்கட்டும். இல்லாட்டி நான் கூட்டிக்கொண்டு போறன்."

இது நடந்து மூன்று கிழமை. இன்று சனிக்கிழமை. கட்டுநாயக்காவில் விடியப்புறம் விமானம் இறங்கிவிட்டது. அக்காவைக் கூட்டிவர ஜெயகாந்த் நேற்றே நீர்கொழும்பு வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பதினொரு மணிபோல வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

சுபாஜினி காலை ஆறு மணிக்கு முன் அறைக் கதவைத் திறந்தாள்.

ஏசி அறைக்குள் ஓர்க்கிட் வளர்ப்பது என்றால் என்னவென்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளியே சோளகம் மணலை அள்ளி யன்னல் கண்ணாடியில் எறிந்துகொண்டிருக்கும்; அதுவும் காய்ந்த காற்றுத்தான். ஆகவே ஒவ்வொரு சாடிக்குக் கீழும் ஒரு தட்டு, தட்டில் கூழாங்கல், கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சாடியின் அடியில் படக்கூடாது, பட்டால் வேர் அழுகும். ஏசிக் காற்று செடியில் நேரே விழக்கூடாது, விழுந்தால் மொட்டு உதிரும். பகலில் இருபத்துநாலு பாகை, இரவில் பத்தொன்பது. இரவில் கொஞ்சம் குளிர் இறங்கினால்தான் பூங்காம்பு விடும், ஆனால் அதற்குக் கீழே இறங்கக்கூடாது.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு. அதை விடவே கூடாது. மார்கழி மழையில் பிடித்து நீலப் பிளாஸ்ரிக் பரலில் மூடிவைத்த தண்ணீர்தான் விடவேண்டும், அதுவும் இந்த ஆடியில் கால் பரலுக்கு வந்துவிட்டது. கிழமைக்கு ஒரு தடவை, காலையில், வேர் வெள்ளியாக வெளுத்த பிறகு மட்டும். இலைகளுக்கு நடுவிலுள்ள குருத்தில் ஒரு சொட்டு நின்றாலும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். தன் முகத்துக்குக்கூடச் சுபாஜினி இவ்வளவு செய்ததில்லை.

ஆனாலும் செய்தாள். போன மாதம் மூன்றாவது சாடியில் ஒரு காம்பு எட்டிப் பார்த்து, அதில் ஐந்து மொட்டு விட்டபோது தான் வேலை செய்கிற தபால் கந்தோரில் எல்லோருக்கும் படம் எடுத்துக் காட்டினாள். இன்னும் பத்து நாளில் விட்டில் சிறகை விரித்தமாதிரி இதழ் விரிக்கும். சிசிலியா வரும்போது விரியாவிட்டாலும் மொட்டாவது நிற்கும். அது போதும்.

வியாழக்கிழமை மகள் டினோஜாவைப் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தன் தமக்கை வீட்டில் விட இலுப்பைக்கடவைக்குப் போனாள். நேற்று இரவு களைத்து வந்து அப்படியே படுத்துவிட்டாள். இரண்டு நாள். வெறும் இரண்டு நாள்தான் அந்த அறையைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ஏசியில் பதினாறு என்று இருந்தது.

வெளிச்சத்தைப் போட்டாள். ஐந்து மொட்டில் மூன்று நிலத்தில் கிடந்தன. கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் சாடிகளுக்குள் மரப்பட்டைத் துண்டுகளும் அவற்றைச் சுற்றிய பச்சை வேர்களும் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. ஆறு சாடியிலும் விளிம்பு வரைக்கும் மண். நன்றாகத் தண்ணீர் விட்டு, கையால் அமத்தி, கூம்பாக்கி விடப்பட்ட மண். ஒவ்வொரு கூம்பின் உச்சியிலும் விரலால் ஒரு சிலுவை கீறியிருந்தது.

"மாமா!"

அந்தச் சத்தத்துக்கு அடுத்த வளவு நாய் குரைத்தது. பஸ்தியாம்பிள்ளை அசையவில்லை. விறாந்தைக் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தார்.

"என்ன பிள்ளை, விடியவே?"

"சாடிக்குள்ள மண் போட்டது ஆர்?"

"நான்தான்."

"ஏன்?"

"ஏனோ? மண்ணில்லாமல் கண்டு எப்பிடி நிக்கும்? ரெண்டு மாசமாப் பாக்கிறன், அந்த மரச் சிராய்க்குள்ள கிடந்து வேரெல்லாம் வெளியால நீட்டிக்கொண்டு தவிக்குது. உனக்கு இரக்கமில்லை, நான் போட்டன்."

"மாமா, அது மண்ணில வளர்ற கண்டு இல்லை! காட்டில மரத்தில ஒட்டிக்கொண்டு வளர்றது. வேருக்குக் காத்து வேணும். மண்ணைப் போட்டு அமத்தினா மூச்சு முட்டிச் செத்துப்போம். எத்தினை தரம் சொன்னனான்?"

"சும்மா மண்ணோ போட்டனான்?" என்றார் அவர். குரலில் மனத்தாங்கல் தெரிந்தது. "மடு மண் பிள்ளை அது."



இந்த ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோது அவர் ஒரு பை நிறைய மண் கொண்டுவந்தது அவளுக்குத் தெரியும். எல்லோரும்தான் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினால் ஒரு பிடி, கிணறு உப்பானால் ஒரு பிடி, பாம்பு கடித்தால் தண்ணீரில் கரைத்து ஒரு மிடறு. போன வருடம் டினோஜாவுக்குக் காய்ச்சல் நாலு நாள் விடாமல் நின்றபோது தலையணைக்குக் கீழே சுபாஜினியே ஒரு பொட்டலம் வைத்தாள். இப்போதும் அவளுடைய கைப்பைக்குள் ஒரு பொட்டலம் இருக்கிறது. இனி அவள் என்னவென்று வாதாடுவது?

"பாம்பு விசத்தையே இறக்கிற மண்" என்றார் பஸ்தியாம்பிள்ளை, அவள் தடுமாறுவதைக் கண்டு உற்சாகமாகி. "ஒரு பூக்கண்டுக்குக் கூடாதோ?"

"அது சரி. ஏசியைப் பதினாறில வைச்சது?"

"நோர்வேக் கண்டெல்லே. குளிர் காணாது எண்டு நினைச்சன்."

"அது நோர்வேக் கண்டு இல்லை மாமா! மச்சாள் நீர்கொழும்பில வாங்கினது. அது வெக்கை நாட்டுக் கண்டு. இதுமாதிரிக் கண்டை நோர்வேயில குளிருக்குள்ளயும் ஹீற்றர் சூட்டுக்குள்ளயும் மச்சாள் பாடுபட்டு வளத்தவ. அதைத்தான் இஞ்ச ஏசிக்குள்ள நாங்கள் பாடுபட்டு வளக்கிறம்."

"வெக்கை நாட்டுக் கண்டை ஏன் ஏசிக்குள்ள வைக்கிறது?"

இரண்டு மாதமாகச் சுபாஜினியும் அதைத்தான் யோசிக்கிறாள்.

"தண்ணி எந்தத் தண்ணி விட்டனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி. நல்லா விட்டனான். உன்ட மழைத்தண்ணியைத் தொட்டா நீ கத்துவாய்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். உப்புத் தண்ணீர், மண், பதினாறு பாகைக் குளிர். எதையாவது இந்த மனிதர் விட்டு வைத்திருக்கிறாரா?

தொலைபேசி அடித்தது. ஜெயகாந்த்.

"சுபா, புத்தளம் தாண்டிட்டம். றோட்டில வாகனம் இல்லை. பத்தரைக்கே வந்திடுவம்."

"ஏன் இப்பிடி ஓடுறீங்கள்? மெல்ல வாங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. எங்கயாவது நிப்பாட்டி மச்சாளுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுங்கோ. ரெண்டு தரம் வாங்கிக் குடுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நாலு மணித்தியாலம் இருக்கிறது. மண்ணை வழித்தெடுத்து, வேரைக் கழுவி, அழுகியதை வெட்டி, புதிதாகப் போட வேண்டும். பட்டைக்கு இந்த ஊரில் எங்கே போவது? குசினிக்குப் பின்னால் தேங்காய்ப் பொச்சு இருந்தது, அடுப்புக் கரி இருந்தது. பொச்சைச் சிறிதாக வெட்டி ஊறப்போட்டாள். அதைத்தான் யூரியூபில் ஒரு கண்டி மனிசி செய்து காட்டினாள்.

முதல் சாடியை முற்றத்துக்குக் கொண்டுவந்து கவிழ்க்கப் போனாள்.

"நில், நில்!" பஸ்தியாம்பிள்ளை கதிரையை விட்டு எழுந்து ஓடிவந்தார். எண்பத்திரண்டு வயதில் அவர் ஓடியதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். "எங்க கொட்டப் போறாய்?"

"முத்தத்திலதான்."

"மடு மண்ணை முத்தத்தில கொட்டி, நாளைக்கு எல்லாரும் அதுக்கு மேல மிதிக்கிறதோ? உனக்கு விசரோ?"

"அப்ப ஊத்தைத் தண்ணி ஓடுற காணுக்குள்ள விடுறன்."

"காணுக்குள்ளயோ! அடி பிள்ளை, மாதாவே!"

"குப்பைக்குள்ள போடட்டோ?"

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பெரிய எவர்சில்வர் தாச்சியை எடுத்துவந்தார், கிறிஸ்மஸுக்குப் பலகாரம் போடுகிற தாச்சி. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தாச்சியை மடியில் வைத்தார்.

"இதுக்குள்ள கழுவு. ஒரு மணியும் வெளியால போகப்படாது. பிறகு நான் கொண்டுபோய் மாதா கெபிக்குப் பின்னால, கால்படாத இடத்தில ஊத்துறன்."

"மாமா, வான் புத்தளம் தாண்டிட்டுது."

"மடு மண் பிள்ளை."

அவ்வளவுதான். அதற்கு மேல் வாதமில்லை.

ஆகவே சுபாஜினி ஒவ்வொரு செடியாகச் சாடியிலிருந்து கழற்றி, வேர்களுக்கிடையே விரலை விட்டு மண்ணை உருவி, பரலிலிருந்து அரைக் கோப்பை அரைக் கோப்பையாக மழைத்தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். கழுவிய தண்ணீர் தாச்சிக்குள் விழ வேண்டும். ஒரு சொட்டு வெளியே தெறித்தால் அவர் "ம்" என்றார். ஒரு வேரில் மண் ஒட்டியிருந்தால் அதைத் தன் விரலால் மெல்லச் சுரண்டித் தாச்சிக்குள் தட்டினார். தாச்சி நிறைந்ததும் எழுந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தெருமுனையில் மாதா சுரூபம் வைத்த கெபி வரைக்கும் நடந்துபோய் ஊற்றிவிட்டு, அங்கே ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லி, திரும்பி வந்தார். ஒரு நடைக்கு இருபது நிமிடம், ஒரு செடிக்கு இரண்டு மூன்று நடை. அவ்வளவு நேரமும் இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வேறு தாச்சியில் கழுவ அவர் விடமாட்டார். வேறு தாச்சி எல்லாம் மீன் தாச்சியாம்.

ஐந்தாவது நடைக்கு அவர் போனபோது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்கும் நேரம் இல்லை.

இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒருத்தி சொன்னால், இந்தா பிடி என்று கொடுத்துவிட வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. வானொலியை விடிய நாலரைக்குப் போடுவார். கறிக்கு வைத்த மீன் தலையைப் பூனைக்குப் போடுவார். தான் வத்தளைக்குப் போகப்போவதாகவும், மகள் வாங்கிய வீட்டில் தனக்கு மேல்மாடி அறை என்றும், கடற்காற்று நேரே வருமென்றும் மூன்று கிழமையாகக் கோயில் வாசலில் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். அதைக் கேட்டுக் கேட்டுச் சுபாஜினிக்குக் காது புளித்துவிட்டது. காது மட்டும் இல்லை, மனமும் நொந்துவிட்டது.

அவள் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். இருபது வயதில் ஊருக்குத் திரும்பினாள். கலியாணம் பேசியபோது அப்பா உயிரோடு இல்லை, அண்ணன்மார் அக்கரையில். கோயிலில் பெண்ணைக் கைபிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போக ஆள் இல்லை என்று எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது, மாப்பிள்ளையின் அப்பா பஸ்தியாம்பிள்ளை எழுந்து வந்து கையை நீட்டினார். பெண்ணின் அப்பாவாக நடந்துவந்து, பீடத்தில் விட்டுவிட்டு, மற்றப் பக்கம் போய் மாப்பிள்ளையின் அப்பாவாக நின்றார். அவளுக்கு அவரை விட்டுக்கொடுக்க மனம் இல்லை. அவ்வளவுதான் காரணம். அவருக்கோ போக ஆசை. அது தெரிந்தும் அவள் இந்தச் செடிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்கே தன்மேல் எரிச்சல்.

மூன்று செடி முடிந்தது. இரண்டில் வேர் தப்பிவிட்டது. மூன்றாவதில், மொட்டு விட்டதில், அடி வேர்கள் விரலால் தொட்டதும் தோல் கழன்று நூலாய் வந்தன. பிரித்தானியா பிஸ்கற் தகரத்திலிருந்த கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி அவற்றை வெட்டினாள். அழுகல் பரவாமல் வெட்டிய இடத்தில் கறுவாத் தூளைத் தடவினாள். மிச்சமிருந்த இரண்டு மொட்டில் ஒன்று அவள் கையிலேயே விழுந்தது.

நாலாவது சாடியை எடுக்கும்போது வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. பத்து மணி இருபது.

தாச்சி அப்போது பஸ்தியாம்பிள்ளையின் மடியில் நிறைந்து இருந்தது. அவரால் எழும்பவும் முடியவில்லை.

சிசிலியா உள்ளே வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. நீண்ட பயணத்தில் முகம் வீங்கியிருந்தது. வாசலிலேயே சாரதியிடம், "பெட்டியளை இறக்க வேண்டாம், நாளைக்கு விடிய அப்பாவையும் ஏத்திக்கொண்டு வத்தளைக்குப் போறதுதானே" என்று சொல்வது சுபாஜினிக்குக் கேட்டது. ஆக, தீர்ப்பு வானிலேயே எழுதியாகிவிட்டது.

பிறகு அவள் முற்றத்தைப் பார்த்தாள். கழுவிய மூன்று செடி பழைய பேப்பரில் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மண் நிரம்பிய மூன்று சாடி வரிசையாக நின்றன. தகப்பன் மடியில் சேற்றுத் தண்ணீர். தம்பி மனைவியின் முழங்கை வரைக்கும் மண்.

யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நேரே போய்க் குந்தி, ஒரு சாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"மண் ஆர் போட்டது?"

ஜெயகாந்த் பின்னால் வந்து நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று விளங்கியது. வான் பக்கமாக ஓரடி பின்வாங்கினான்.

சுபாஜினி ஒரு கணம்தான் யோசித்தாள். மாமா என்று சொன்னால் என்ன நடக்கும்? அப்பாவுக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது, பார்க்க ஆளில்லை, பார்த்தீர்களா என்பாள். எல்லார் முன்னாலும் அவரை ஒரு குழந்தைமாதிரிப் பேசுவாள். அதைவிடத் தான் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

"நான்தான், மச்சாள். எனக்குத் தெரியேல்லை. பிழை விட்டிட்டன்."

"தெரியேல்லையோ? எத்தினை வீடியோ அனுப்பினனான்! எழுதிக் குடுத்திட்டுப் போனனான்! ஒரு குழந்தைப்பிள்ளைக்குக்கூட விளங்கும், சுபா. ரெண்டே ரெண்டு மாசம்…"

"பொய்" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவள் பொய் சொல்லுறாள். அவள் போடேல்லை. நான் போட்டனான். நான் மடுவில இருந்து பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு வந்த மண். அதை அவள் போட்டதெண்டு சொல்ல நான் விடமாட்டன்."

"மாமா, நீங்கள் சும்மா இருங்கோ."

"ஏன் சும்மா இருக்கோணும்? நேர்த்தி வைச்சது நான்."

"என்ன நேர்த்தி அப்பா?" என்றாள் சிசிலியா. "பூக்கண்டுக்கு நேர்த்தியோ?"

கிழவர் தாச்சியை இறுகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் தளும்பியது. அந்த ஒரு தடவை அவர் "ம்" என்று சொல்லவில்லை.

"நீதானே சொன்னனி. கண்டு நிண்டா அப்பா இஞ்ச இருக்கட்டும் எண்டு. போன் சத்தமாத்தானே கதைச்சது, எனக்கென்ன செவிடோ? கண்டு சாகப்படாது எண்டுதான் மாதாட்டக் கேட்டனான். மாதாட மண்ணைப் போட்டா எப்பிடிச் சாகும் எண்டு நினைச்சன்."



"நீங்கள் வத்தளைக்குப் போறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்களே மாமா" என்றாள் சுபாஜினி.

"பின்ன என்ன சொல்லுறது? மகள் கூப்பிடுறாள், எனக்குப் போக விருப்பமில்லை எண்டு கோயில் வாசலில நிண்டு சொல்லுறதோ? அவளுக்குத்தானே மானக்கேடு." அவர் ஒருமுறை மகளைப் பார்த்துவிட்டுத் தாச்சியைப் பார்த்தார். "நீங்கள் ரெண்டு பேரும் எனக்காக அடிபட்டீங்கள். ஆராவது என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

ஒருவரும் கேட்கவில்லை. சுபாஜினியும் கேட்கவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்றது.

சிசிலியா சாடியை நிலத்தில் வைத்துவிட்டு, விமானத்தில் வந்த நல்ல உடுப்போடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வருமென்று மூவரும் காத்திருந்தார்கள். அவள் நாலாவது செடியைக் கழற்றி, வேரிலிருந்து மண்ணை எடுக்கத் தொடங்கினாள். எடுத்ததை ஒவ்வொரு கிள்ளாகத் தகப்பனின் தாச்சிக்குள் போட்டாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே போட்டாள். அவளும் தாழ்வுபாட்டில் பிறந்தவள்தானே.

"அப்பா வரமாட்டார் எண்டா" என்றாள், செடியைப் பார்த்துக்கொண்டே, "நான் அங்க என்ன செய்யிறது?"

"என்ன?" என்றாள் சுபாஜினி.

"அந்தப் பெரிய வீட்டில நான் தனிய என்ன செய்யிறது எண்டு கேக்கிறன். என்ட மனிசன் செத்தபிறகு நோர்வேயில ரெண்டு வருசம் தனிய இருந்தனான். குளிருக்கு ஆறு மாசம் கதவு திறக்கேலாது. இப்பிடிக் கண்டுகளோடதான் கதைச்சனான். இஞ்ச வந்தும் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த அறைக்குள்ள இருந்தனான், நீ பாத்தனிதானே. எனக்கு மனுசரோட இருக்கிறது மறந்துபோச்சுது. இஞ்ச நீங்களெல்லாம் ஒரு குடும்பம், எனக்கு இடமில்லை எண்டு நினைச்சன். அப்பாவை எண்டாலும் எடுத்துக்கொண்டு போனா…"



பாவம் என்று நினைத்துச் சுபாஜினி போய் அவளைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் சுபாஜினிக்கு வந்தது கோபம்.

"இதை அண்டைக்கே போனில சொல்லியிருக்கலாம்தானே மச்சாள்! எனக்குத் தனிய இருக்கப் பயம், அப்பாவை விடுங்கோ எண்டு கேட்டிருக்கலாம்தானே! அதை விட்டிட்டு, நீ ஒழுங்காப் பாக்கிறியோ பாப்பம் எண்டு எனக்குப் பரீட்சை வைச்சனீங்கள். மூண்டு கிழமை நான் நித்திரை கொள்ளேல்லை. கூழாங்கல்லுக்குத் தண்ணி காணுதோ, மொட்டு விழுந்திட்டுதோ எண்டு ராவில ரெண்டு தரம் எழும்பிப் பாக்கிறன். என்ட பிள்ளையைக்கூட நான் அப்பிடிப் பாத்ததில்லை! இந்த மனிசன் மடு மாதாவையே இதுக்குள்ள இழுத்துக்கொண்டு வந்திட்டார்! ஒரு சொல்லு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா?"

"ஓம்" என்றாள் சிசிலியா. "பிழைதான்."

இப்படி உடனே ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு எப்படிச் சண்டை பிடிப்பது? சுபாஜினிக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. சத்தம் போட்டுப் போட்டு வறண்ட தொண்டையோடு நின்றாள். பிறகு வேறு வழியில்லாமல் அவளும் குந்தி, ஐந்தாவது சாடியை இழுத்தாள்.

"குருத்துக்குள்ள தண்ணி போகாமப் பிடியுங்கோ" என்றாள் முறைப்பாக.

"எனக்குத் தெரியும்" என்றாள் சிசிலியாவும் முறைப்பாக.

பஸ்தியாம்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் தாச்சியை நகர்த்தி வைத்தார்.

ஆறாவது செடியும் பேப்பருக்கு வந்தது. மொட்டு விட்ட செடி தப்புமா என்பது சந்தேகம், மற்றவை தப்பும் என்றாள் சிசிலியா. ஒரு நாள் வேரைக் காயவிட்டுப் பொச்சிலும் கரியிலும் போடலாமாம். கரி போடுவது நல்ல யோசனையாம். அந்த ஒரு வார்த்தையைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சுபாஜினி மறுத்துவிட்டாள்.

அப்போதுதான் ஜெயகாந்த் வாசலிலிருந்து மெதுவாகத் தலையை நீட்டினான்.

"அக்கா, சாரதி கேக்கிறார். நாளைக்கு வத்தளைக்குப் போறதில்லையெண்டா அவர் இப்பவே திரும்பப் போறாராம். பின்னேரம் நீர்கொழும்பில ஒரு ஹயர் இருக்காம். பெட்டியளை இறக்கிறதோ வேண்டாமோ?"

சிசிலியா வாயைத் திறந்தாள், மூடினாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுபாஜினியைப் பார்த்தார். ஜெயகாந்த், தான் பேசினால் எந்தப் பக்கம் அடி விழுமென்று தெரியாமல், அவனும் மனைவியைப் பார்த்தான்.

"எல்லாத்துக்கும் நான்தானோ?" என்றாள் சுபாஜினி.



அவள் எழுந்து, மண் கையை உதறப் போய், மடு மண் என்று நினைவு வந்து உதறாமல், கையை விரித்துப் பிடித்தபடியே வாசலுக்குப் போனாள். சாரதி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கூரை வரைக்கும் பெட்டி. ஒரு மனிசியின் இருபத்தெட்டு வருடம் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. ஒரே குசினியில் இரண்டு பேரா? காலையும் மாலையும் இலையைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்லுகிற ஒருத்தியோடு காலம் முழுக்கவா? யோசிக்கவே தலை இடித்தது. திரும்பிப் பார்த்தாள். சிசிலியா இன்னும் முற்றத்து மண்ணில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் பார்க்காமல், காய்ந்த ஒரு இலையைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை பெட்டி?" என்றாள் சுபாஜினி.

"எட்டு, மிஸ்."

"நாலை இறக்குங்கோ."

சாரதி பெட்டிகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்ப மிச்சம் நாலு?"

"அதை உங்கட வீட்டில வைச்சிருங்கோ, பிறகு பாப்பம்" என்றாள் அவள். "இப்ப எனக்கு அவ்வளவுதான் ஏலும்."